ஸ்டீயரிங் லாக் ஆகி கார் ஸ்டார்ட் ஆகலையா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

வியாழக்கிழமை காலை. பெங்களூரு விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டம் தெருவை நிறைக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து கிராஸில் சுவரை ஒட்டி நிற்கிறது உங்கள் கார். செகண்ட் ஹேண்டில், ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வயது பதினைந்துக்கு மேல். கடைசியாக எடுத்தது பத்து நாளைக்கு முன்பு, நந்தி மலை வரை.

"சார், கொஞ்சம் வண்டிய எடுங்க" என்று பின்னால் நிற்பவர் கேட்கிறார். ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறீர்கள். டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஸ்டீயரிங் படம் ஒன்று எரிகிறது. ஸ்டீயரிங் அசையவில்லை. எஞ்சினிலிருந்து சத்தமே இல்லை.

"லாக் போயிடுச்சு, இனி லட்சக்கணக்குல செலவு" என்றுதான் மனம் முதலில் சொல்லும். பொறுங்கள். லாக் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கலாம்தான். ஆனால் அதே அறிகுறியைப் பலவீனமான பேட்டரியும் காட்டும், துருப்பிடித்த ஓர் எர்த் வயரும் காட்டும், ஈரம் புகுந்த ஒரு கனெக்டரும் காட்டும். எதை முதலில் பார்க்கிறோம் என்ற வரிசையில்தான் உங்கள் பணமும் பாதுகாப்பும் இருக்கிறது.

ஸ்டீயரிங் லாக் எதற்கு?

பைக்கில் ஹேண்டில் லாக் போடுவது போன்றதுதான் இதுவும். சாவியை எடுத்ததும், ஸ்டீயரிங் தண்டில் உள்ள பள்ளத்துக்குள் ஓர் இரும்பு முளை போய் உட்காரும். திருடன் எப்படியோ எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டாலும் காரைத் திருப்ப முடியாது.

அமெரிக்காவில் 1970 முதல் புதிய கார்களுக்கு ஒரு விதி வந்தது. சாவியை எடுத்த பிறகு ஸ்டீயரிங் திரும்பக்கூடாது, அல்லது கார் தன் சக்தியில் முன்னோக்கி நகரக்கூடாது. இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே, 1969 மாடல்களில், ஜெனரல் மோட்டார்ஸ் சாவித் துவாரத்தை ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றி அங்கேயே லாக்கையும் வைத்தது. அந்தக் காலத்து லாக்கில் சாவி, ஸ்பிரிங், முளை மட்டும்தான். கரண்ட்டுக்கு வேலையே இல்லை.

1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் அந்த வேலையை ஒரு சின்ன மோட்டாரிடம் கொடுத்தார்கள். சாவியைத் திருப்பாமல் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்கள் பரவியதும், முளையை இழுக்க மோட்டார் தேவைப்பட்டது. பிரச்னையும் அங்கேதான் ஆரம்பித்தது.

கார் ஏன் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது?

நீங்கள் பட்டனை அழுத்தும் அந்த ஒரு நொடியில் காருக்குள் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. இது என் சாவிதானா என்று ஒரு கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. பிறகு லாக்குக்கு உத்தரவு போகிறது. மோட்டார் சுழன்று முளையை இழுக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் அல்லது சென்சார், "முளை முழுசா வெளியே வந்தாச்சு" என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வந்தால்தான் எஞ்சினுக்கு அனுமதி.

பதில் வரவில்லை என்றால் கார் அப்படியே நின்றுவிடும். இதைக் கோளாறு என்று மட்டும் நினைக்காதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிய நிலையில் ஒரு கார் நகர்ந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் கார் அடம் பிடிக்கவில்லை. ஸ்டீயரிங் திரும்பும் என்று உறுதியாகத் தெரியாததால், ஓட மறுக்கிறது.

அதனால் கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். முளையை இழுக்கத் தேவையான கரண்ட் போதவில்லை. அல்லது மோட்டார், பல்சக்கரம், ஸ்விட்ச் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது. அல்லது பதிலைக் கொண்டுபோகும் வயரிங்கில் தடங்கல்.

எந்தக் கார்களில் இது அதிகம் பேசப்படுகிறது?

உலக அளவில் மிகப் பிரபலமான உதாரணம், 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட். இதன் டிஸ்ப்ளேயில் 'சர்வீஸ் காலம் லாக்' என்றும், 'சாவியை எடு, 10 விநாடி காத்திரு' என்ற பொருளிலும் வரும் இரண்டு எச்சரிக்கைகள் அதன் உரிமையாளர்களுக்கு அத்துப்படி. லாக் விடுபடாத நிலையில் கார் நகரத் தொடங்கினால் எரிபொருளைத் துண்டிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இந்த லாக் பிரச்னைக்காக 2004-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தலைமுறைக் கார்களைத் திரும்ப அழைத்தது.

இந்தியாவிலும் விற்ற நிஸான் 370இசட்-ல், குறிப்பாக ஆரம்ப ஆண்டு மாடல்களில், எலக்ட்ரானிக் லாக் சிக்கிக்கொண்டு கார் ஸ்டார்ட் ஆகாமல் போவது தெரிந்த விஷயம். மெர்சிடஸ் சி-கிளாஸின் டபிள்யூ204 தலைமுறையிலும், அதே காலத்து இ-கிளாஸ் கூபேயிலும் லாக்கின் மோட்டார் தேய்ந்துபோவது உண்டு. சாவியை நுழைத்ததும் வழக்கமாகக் கேட்கும் 'விர்ர்' சத்தம் வராது. சாவியைத் திருப்பினாலும் டேஷ்போர்டு இருட்டாகவே இருக்கும்.

பழைய போர்ஷேக்களில், அதாவது 986 பாக்ஸ்டரிலும் 996 தலைமுறை 911-லும், கதை கொஞ்சம் வேறு. அங்கே முதலில் போவது சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் ஸ்விட்ச்சின் மின்பகுதி. சாவி சரியாகத் திரும்பி வராது. சாவியை எடுத்த பிறகும் சில விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். இது ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகம். ஆனால் லாக் மொத்தத்தையும் மாற்றச் சொல்லி பில் போட்டுவிட வாய்ப்பு இருப்பதால், இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போ என்ன பண்ணலாம்? முதல் 10 நிமிடம்

1. ஸ்டீயரிங்கைத் தளர்த்துங்கள். சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டியோ, முழுவதும் திருப்பியோ நிறுத்தப்பட்டிருந்தால், ஸ்டீயரிங்கின் இழுவை முளையை ஒரு பக்கமாக நெரித்துப் பிடிக்கும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே, மறு கையால் சாவியைத் திருப்புங்கள் அல்லது பட்டனை அழுத்துங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம். சாவி உள்ளேயே உடைந்தால் செலவு இரட்டிப்பு.

2. ஒரு இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, இறங்கி, கதவைப் பூட்டி, சில நிமிடம் கழித்துத் திரும்ப முயலுங்கள். பட்டனை இருபது முறை அழுத்துவதால் பயன் இல்லை. இருக்கிற கொஞ்சம் சார்ஜும் போய்விடும்.

3. மாற்றுச் சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் கார் உங்களை அடையாளம் காணாது. பல கார்களில் சாவியை வைக்க ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கும். அங்கே வைத்தால் பேட்டரி இல்லாத சாவியையும் கார் படிக்கும். அந்த இடம் எது என்று உங்கள் கார் கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள்.

4. சத்தத்தைக் கேளுங்கள். பட்டனை அழுத்தும்போது ஸ்டீயரிங் தண்டுப் பக்கம் 'டக்' சத்தம் வந்து முளை மட்டும் நகரவில்லை என்றால் லாக்கையோ பேட்டரியையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், வயரிங், சாவி அங்கீகாரம், தேய்ந்த மோட்டார் எல்லாமே பட்டியலில் வரும்.

5. தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். "அண்ணா, ரெண்டு பேர் தள்ளுனா எடுத்துடும்" என்று உதவிக்கு வருபவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டீயரிங் பூட்டிய காரை ஓர் அடி தள்ளினாலும் அது போகும் திசை உங்கள் கையில் இல்லை. கோயில் கூட்டமோ சர்ச் கூட்டமோ நிற்கும் தெருவில் அதைச் செய்யவே கூடாது.

பேட்டரி: ஒரு சின்னக் கணக்கு

முழுதாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, கார் ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் பேட்டரி காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். உள்விளக்கு எரிகிறது, ரேடியோ பாடுகிறது என்பதை வைத்து 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு செய்யாதீர்கள். விளக்குக்குப் போதுமான கரண்ட் லாக் மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் போதாது.

நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். அலாரம், சாவி ரிசீவர், கடிகாரம் எல்லாம் விழித்திருக்கின்றன. ஆரோக்கியமான காரில் இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதாவது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். உங்கள் பேட்டரி 70 ஆம்பியர் ஹவர் என்றால், பாதி காலியாக ஏறத்தாழ 29 நாட்கள் ஆகும். யாரோ அவசரமாக மாட்டிய மியூசிக் சிஸ்டமோ டேஷ்கேமோ தூங்காமல் 500 மில்லி ஆம்பியர் இழுத்தால்? மூன்றே நாளில் பாதி காலி.

பெங்களூரு வாழ்க்கைக்கு இது அப்படியே பொருந்தும். வார நாட்களில் மெட்ரோ, கேப், பைக். ஸ்போர்ட்ஸ் கார் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் சில நேரம் கோரமங்களா வரை போய்த் திரும்பும் டிராஃபிக் பயணம். ஸ்டார்ட் செய்யும்போது செலவான சார்ஜைக்கூட அது திருப்பித் தராது. வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தடையில்லாத சாலையில் ஓட்டுங்கள். பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருந்தால் பேட்டரி மெயின்டெய்னர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஜம்பர் கேபிள் மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறினால் ஒரே நொடியில் பல கன்ட்ரோல் யூனிட்டுகள் போய்விடலாம். கடைசி மைனஸ் கிளிப்பை, கையேடு சொல்லும் எர்த் பாயின்ட்டில் மாட்டுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. 997 தலைமுறை போர்ஷே 911 போன்ற கார்களில் பேட்டரி முன் பூட்டுக்குள் இருக்கிறது. அந்த பூட்டின் தாழ்ப்பாளோ மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரி செத்தால் பேட்டரியையே எட்ட முடியாது. அதற்காகவே ஓட்டுநர் காலருகே உள்ள ஃபியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய பிளஸ் முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் இந்த வழி எங்கே இருக்கிறது என்று, கார் நன்றாக ஓடும் ஒரு நாளில் தேடி வையுங்கள்.

மழையும் இலையும்

பேட்டரி சரி, ஆனாலும் கார் பேய் பிடித்தது போல நடந்துகொள்கிறது. தானாக இண்டிகேட்டர் எரிகிறது, கதவு லாக் ஆகிறது, அலாரம் அடிக்கிறது. அப்படியானால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

986 பாக்ஸ்டரில் இம்மொபிலைசரும் சென்ட்ரல் லாக்கும் சேர்ந்த கன்ட்ரோல் யூனிட், இடது பக்க சீட்டுக்கு அடியில் தரையோடு தரையாக இருக்கிறது. மடங்கும் கூரையிலிருந்து மழைநீர் வடிய சின்னக் குழாய்கள் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் காரில் காய்ந்த இலையும் பூவும் சேர்ந்து அந்தக் குழாய்களை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்கி, தரையில் தேங்கி, யூனிட்டை நனைக்கும். பிறகு சாவியைக் கார் அடையாளம் காணாது. நீங்கள் ஸ்டீயரிங் லாக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மரங்களுக்குப் பஞ்சமில்லாத பெங்களூரில், மே மாத மழைக்கு முன்பு ஒருமுறையும் மழைக்காலம் முடிந்த பிறகு ஒருமுறையும் இந்த வடிகுழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 2022 செப்டம்பரில் யமலூர், பெல்லந்தூர் பகுதிகளில் சொகுசுக் கார்கள் மூழ்கியதை நகரம் பார்த்தது. 2015 டிசம்பரில் சென்னை பார்த்தது. தண்ணீர் வடிந்த பிறகும் கனெக்டருக்குள் துரு மெதுவாக வளரும். கோளாறு மாதங்கள் கழித்துக்கூட வெளியே வரலாம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனர், பெரும்பாலும் எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். ஸ்டீயரிங் லாக் பேசுவது காரின் பாடி கன்ட்ரோல் பகுதியோடு. எனவே 'ஸ்கேன் பண்ணியாச்சு, ஒண்ணும் இல்ல' என்ற பதிலில் திருப்தி அடையாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

• உங்கள் ஸ்கேனர் இந்த பிராண்டின் பாடி, இம்மொபிலைசர், ஸ்டீயரிங் லாக் யூனிட்டுகளைப் படிக்குமா?
• என்னென்ன கோடு வந்தது? எழுதியோ போட்டோவாகவோ தர முடியுமா? ('யு' எழுத்தில் தொடங்கும் கோடுகள், யூனிட்டுகளுக்கு இடையிலான தொடர்பு அறுந்ததைச் சொல்பவை. வரிசையாக அவையே வந்தால் லாக்கை மாற்றும் முன் பேட்டரி, எர்த், வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.)
• ஸ்டார்ட் செய்யும் நொடியில் பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்குகிறது? (10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மீது.)
• லாக் யூனிட்டுக்கு வரும் கரண்ட்டையும் எர்த்தையும் அளந்து பார்த்தீர்களா?
• மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகர் குஜிரியிலும் தேடினால் பழைய பாகங்கள் கிடைக்கும்தான். ஆனால் எலக்ட்ரானிக் லாக் அப்படி மாட்டிவிடக்கூடிய பாகம் அல்ல. பல பிராண்டுகளில் அது தான் பிறந்த காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டிருக்கும். வேறு காரில் மாட்டினால் பேசாது. வாங்கும் முன், இதை என் காருக்கு யார் புரோகிராம் செய்து தருவார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பில் இல்லாத லாக், சாவி, கம்ப்யூட்டர் செட்டை வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்று: ஸ்டீயரிங் தண்டுக்கு மேலேயே ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்காமல் அந்தப் பகுதியைத் திறக்கும் யாரையும் நிறுத்துங்கள். யூடியூப் பார்த்து நீங்களே திறக்கவும் வேண்டாம்.

காரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிளாட்பெட் டோ வண்டிதான். முன் சக்கரங்கள் திரும்பாத காரைக் கயிறு கட்டி இழுக்க முடியாது. குறுகலான கிராஸ், தாழ்வான பம்பர், ஸ்டீயரிங் லாக் ஆகியிருக்கிறது என்ற மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற பலகைகளோடும் சக்கரத்தட்டுகளோடும் வருவார்கள்.

லாக்கையே எடுத்துவிடலாமா?

பல உரிமையாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 370இசட்-ல் முளை வெளியே இருக்கும் நிலையில் லாக்கின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது பரவலான பழக்கம். மெர்சிடஸுக்கு, 'லாக் திறந்தாச்சு' என்று கம்ப்யூட்டருக்குப் பொய்ப் பதில் சொல்லும் எமுலேட்டர் கருவி சந்தையில் கிடைக்கிறது.

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. எலக்ட்ரானிக்ஸை ஏமாற்றும் முன், முளை திரும்ப உள்ளே போக வழியே இல்லாதபடி செய்திருக்க வேண்டும். காரின் கம்ப்யூட்டர் இதுவரை உங்களுக்காகச் செய்துவந்த சரிபார்ப்பை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். இனி முளை பாதி வழியில் நின்றாலும் கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும். அதைச் சொல்ல ஆள் இருக்காது.

செய்வதானால் பில்லில் எழுதி வாங்குங்கள். திருட்டுப் பாதுகாப்பில் ஒரு அடுக்கு குறைகிறது என்பதால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நாளை கார் திருடுபோனால், சொல்லாமல் விட்ட ஒரு வரி கிளெய்மைச் சிக்கலாக்கலாம். காரை விற்கும்போது வாங்குபவரிடமும் சொல்லுங்கள்.

ஓடும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளுமா?

சரியாக வேலை செய்யும் எலக்ட்ரானிக் லாக், கார் ஓடும்போது முளையை நகர்த்தாதபடிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சாவியால் இயங்கும் பழைய லாக்கில் அந்தப் பொறுப்பு ஓட்டுநருடையது. மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அணைத்ததும் பவர் ஸ்டீயரிங்கின் உதவி போய்விடும். சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பி வெளியே எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நந்தி மலையின் கொண்டை ஊசி வளைவில் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

இக்னிஷன் ஸ்விட்ச்சை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த பாடம் ஒன்று உண்டு. ஓடும்போதே சாவி நிலை நழுவி எஞ்சினும் ஏர்பேக்கும் செயலிழந்த கோளாறுக்காக 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அதற்கான இழப்பீட்டு நிதி, 124 மரணங்களை அந்தக் கோளாறோடு தொடர்புடையவை என்று ஏற்றது. அது ஸ்டீயரிங் லாக் அல்ல, ஸ்விட்ச் கோளாறு. ஆனால் 'சாவி கொஞ்சம் லூஸா இருக்கு, பரவால்ல' என்று நீங்கள் சொல்லும் அதே இடம். வீட்டுச் சாவி, பைக் சாவி, பிள்ளையார் பொம்மை எல்லாம் தொங்கும் கனமான சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டுக் கார் சாவியை மட்டும் போடுங்கள்.

மஞ்சள் விளக்கை ஒரு கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள்

பல கார்களில் இந்த லாக் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் எப்போதாவது ஒரு மஞ்சள் விளக்கு. இரண்டாவது முறை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும், நாமும் மறந்துவிடுவோம். பிறகு ஒருநாள் சிவப்பு. அன்றைக்குக் கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதா, இரவு நேரத்தில் ஹொசூர் சாலை ஓரத்தில் நிற்கிறதா என்பது உங்கள் கையில் இல்லை.

மஞ்சள் விளக்கு வந்த அன்றே போட்டோ எடுங்கள். தேதி, பேட்டரி வோல்ட், எத்தனை நாள் நின்ற கார், மழை பெய்ததா என்று போனில் நான்கு வரி குறித்துக்கொள்ளுங்கள். 'எப்பவாவது வருது சார்' என்று சொல்பவரைவிட அந்த நான்கு வரியோடு வருபவருக்கு மெக்கானிக்கால் வேகமாகவும் குறைந்த செலவிலும் உதவ முடியும்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்குத் திரும்புவோம். ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தாச்சு. மல்டிமீட்டர் 11.8 காட்டுகிறது. உங்களுக்குத் தேவை புது லாக் அல்ல, முதலில் ஒரு சார்ஜ். பின்னால் நிற்பவரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். பேட்டரியை ஏற்றிய பிறகும் அந்த மஞ்சள் படம் போகவில்லை என்றால், அப்போது டோ வண்டிக்குப் போன் செய்யலாம்.